ஆறாம் மாடி அறை

மடக்குக் கதிரை ஒன்று, தடித்த போர்வை ஒன்று, சில புத்தகங்கள், வழியில் சாப்பிடுவதற்கான உணவுப் பொதி. இவற்றுடன் 1891 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இருபத்து மூன்று வயது யுவதி ஒருவர் வார்சோ நகரில் புகையிரதம் ஏறினார். போக வேண்டிய இடம் பாரிஸ். ஜெர்மனிக்கூடாகச் செல்லும் பயணத்துக்கு அவரிடம் இருந்தது நான்காம் வகுப்புச் சீட்டு. அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் ஆசனம் கிடைக்காது. அதற்காகத்தான் கதிரை. மெத்தையும் படுக்கை விரிப்புகளும் மலிவான சரக்குப் புகையிரதத்தில் முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தன. பாரிஸில் போய் மெத்தை வாங்குமளவுக்கு அவர்களிடம் பணம் இல்லை.

அந்த யுவதியின் பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. பிற்காலத்தில் இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்ற மேரி கியூரி அவர்தான். உயர்தர வகுப்பில் கதிர்த்தொழிற்பாடு பற்றிப் படிக்கும்போது அவருடைய பெயர் வரும். பரிசளிப்பு விழாப் பேச்சுகளிலும் வரும். ரேடியத்தைக் கண்டுபிடித்த கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது அதற்கு முந்திய கதையை. ஒரு பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில், வீட்டை விட்டுத் தூரத்தில், கையில் காசில்லாத ஒரு பெண்பிள்ளை எங்கே தங்கினார், என்ன சாப்பிட்டார், எப்படிப் படித்தார் என்பதே அந்தக் கதை.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் ராத்தா. சென்ற வருடம் அவருக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று வாரங்கள் பேச்சு நடந்தது. என்ன பாடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே தங்குவாள், யாரோடு தங்குவாள், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள், இரவில் நூலகத்திலிருந்து எப்படித் திரும்புவாள் என்பவையே கேள்விகள். உம்மா கேட்டதில் பிழை இல்லை. அதே கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு மேரி கியூரியின் வாழ்க்கையை வாசித்தபோது, நான் ஏற்கனவே அறிந்திருந்த கதை வேறொன்றாகத் தெரிந்தது.

மரியா 1867 நவம்பர் 7 ஆம் திகதி வார்சோவில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. அக்காலத்தில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. வார்சோ ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பாடசாலைகளிலும் ருஷ்ய மொழியிலேயே கற்பிக்க வேண்டியிருந்தது. தந்தை கணிதமும் பௌதிகவியலும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் பாடசாலை ஒன்றை நடத்தியவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. செலவைச் சமாளிப்பதற்காக மாணவர்கள் சிலரை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். அவர்கள் மூலம் வந்த டைபஸ் காய்ச்சலில் மூத்த சகோதரி இறந்தார். 1878 இல் தாயும் காசநோயால் இறந்தார். அப்போது மரியாவுக்குப் பத்து வயது.

1883 இல் பாடசாலைக் கல்வியைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். அதற்கு மேல் வார்சோவில் அவருக்கு வழி இல்லை. அங்கிருந்த பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. எத்தனை புள்ளிகள் எடுத்தாலும் விண்ணப்பப் படிவமே கிடைக்காத நிலை அது. வெட்டுப்புள்ளியை எண்ணி எண்ணித் தூக்கத்தைத் தொலைக்கும் எங்களுக்கு இதைக் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்.

ஆனால் அந்த நகரத்தில் வேறொரு பல்கலைக்கழகம் இரகசியமாக இயங்கியது. அதற்குப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு நாள் ஒருவர் வீட்டு முன்னறையில் வகுப்பு நடக்கும், அடுத்த முறை இன்னொருவர் வீட்டில். பொலிஸாருக்குத் தெரிந்தால் சிறை என்பதால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மரியாவும் அவருடைய அக்கா புரோனியாவும் அங்கே போனார்கள். விரிவுரை கிடைத்தது. ஆய்வுகூடம் கிடைக்கவில்லை, பட்டமும் கிடைக்காது. விஞ்ஞானம் படிக்க விரும்பியவருக்கு முன்னறை போதாது.

புரோனியாவுக்கு வைத்தியராக வேண்டும் என்ற ஆசை. அதற்குப் பாரிஸ் போக வேண்டும். அவர் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரு வருடத்துக்குத்தான் போதும். அப்போது பதினேழு வயதான தங்கைதான் ஒரு திட்டம் சொன்னார். அக்கா முதலில் போகட்டும், தான் பணக்கார வீடொன்றில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புவது, அக்கா வைத்தியரான பிறகு தன்னை அழைத்துப் படிக்க வைப்பது. வயதில் மூத்தவர் முன்னே போக வேண்டும் என்பது தங்கையின் நியாயம். 1885 இல் புரோனியா பாரிஸ் போனார்.

1886 ஆம் ஆண்டின் முதல் நாள் மரியா வார்சோவிலிருந்து வெகுதூரத்திலுள்ள ஷ்சூக்கி என்ற கிராமத்துக்குப் புறப்பட்டார். புகையிரதத்தில் சில மணித்தியாலம், பிறகு பனிச்சறுக்கு வண்டியில் சில மணித்தியாலம். சீனிக்கிழங்குத் தோட்டங்களை மேற்பார்வை செய்த ஒரு குடும்பத்தின் வீடு அது. வருடச் சம்பளம் 500 ரூபிள். அதில் ஏறத்தாழப் பாதி அக்காவுக்குப் போனது. பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். மாலையில் அந்த ஊர் விவசாயிகளின் பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்துப் போலிஷ் மொழியில் எழுத வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அது சட்டவிரோதம். இரவில் தனக்காகப் படித்தார். கணிதத்தில் சந்தேகம் வந்தால் தந்தைக்குக் கடிதம் எழுதுவார், தந்தை விடையைத் தபாலில் அனுப்புவார்.

அந்த வீட்டின் மூத்த மகன் மரியாவைத் திருமணம் செய்ய விரும்பினார். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணை மருமகளாக ஏற்க அவருடைய பெற்றோர் மறுத்துவிட்டார்கள். இப்படியொரு அவமானத்துக்குப் பிறகு எந்தப் பெண்ணும் அந்த வீட்டைவிட்டுப் போய்விடத்தான் நினைப்பாள். மரியா போகவில்லை. 1889 வரை அதே வீட்டில், அதே சம்பளத்துக்கு இருந்தார். பாரிஸுக்கு மாதாமாதம் பணம் போயாக வேண்டுமே. என்னைக் கேட்டால், பிற்காலத்தில் அவர் தொன் கணக்கான தாதுப்பொருளைக் காய்ச்சி வடித்துச் செய்த வேலையைவிட இந்த மூன்று வருடங்களே கடினமானவை.

இதற்கிடையில் தந்தை ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. வழிதவறிய சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பாடசாலை ஒன்றின் பொறுப்பை ஏற்றார். விருப்பமான வேலை அல்ல, ஆனால் சம்பளம் நல்லது. அதிலிருந்து புரோனியாவுக்கு மாதம் 40 ரூபிள் அனுப்ப முடிந்தது. புரோனியா உடனே தங்கையிடமிருந்து பணம் வாங்குவதை நிறுத்தினார். அதோடு, தனக்கு அனுப்பும் 40 ரூபிளில் எட்டை எடுத்துவைத்துத் தங்கை இதுவரை அனுப்பியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்குமாறு தந்தையைக் கேட்டுக்கொண்டார். மரியாவின் பாரிஸ் பயணத்துக்கான சேமிப்பு அந்த எட்டு ரூபிளில்தான் ஆரம்பித்தது.

1890 இல் அக்காவின் அழைப்பு வந்தது. இப்போது தயங்கியது தங்கைதான். தந்தைக்கு வயதாகிவிட்டது, அவரோடு இருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்றரை வருடம் அப்படியே கழிந்தது. அந்தக் காலத்தில் கைத்தொழில், விவசாய நூதனசாலை என்ற பெயரில் உறவினர் ஒருவர் நடத்திய சிறிய ஆய்வுகூடத்தில், மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் முதன்முதலாகத் தன் கையால் பரிசோதனை செய்து பார்த்தார். நூதனசாலை என்ற பெயர் ருஷ்ய அதிகாரிகளின் கண்ணுக்காக. அங்கே குடுவையைத் தொட்ட பிறகு அவரால் தயங்கிக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு வருடங்களில் திரும்பி வந்துவிடுவதாகத் தந்தையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பாரிஸ் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடமான சோர்போனில் 1891 நவம்பர் 3 ஆம் திகதி விரிவுரைகள் ஆரம்பமாயின. மரியா என்ற பெயரை பிரெஞ்சு மொழிக்கு ஏற்ப மாற்றி மேரி என்று பதிவு செய்துகொண்டார். அந்த பீடத்தில் அப்போது சுமார் 1800 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 23 பேர். அந்தச் சிலரிலும் அநேகர் வெளிநாட்டவர்கள். ஏனென்றால் பிரான்ஸ் நாட்டுப் பெண்பிள்ளைகளின் பாடசாலைகள் பல்கலைக்கழக நுழைவுக்கான பாடங்களைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவு திறந்திருந்தது, அந்தக் கதவு வரை போகும் பாதையை அந்நாட்டுப் பெண்களுக்கு யாரும் போடவில்லை.

சோர்போன் அப்போது அழகான இடமாக இருக்கவில்லை. பழைய கட்டடங்களை இடித்துப் புதியவற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூசியும் சத்தமும். சில ஆய்வுகூடங்கள் பக்கத்துத் தெருவிலிருந்த தற்காலிகக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஆனால் விரிவுரை மண்டபத்தில் வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கேப்ரியல் லிப்மான், கணித மேதை போல் அப்பெல் போன்றவர்கள். எத்தனை விரிவுரைகளுக்கு வேண்டுமானாலும் போகலாம், கேட்கலாம். மேரி நேரத்தோடு போய் முன் வரிசையில் உட்காருவார். தனக்கு பிரெஞ்சு மொழி நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு, வேகமாகப் பேசும்போது பாதி விளங்கவில்லை. கணிதத்திலும் பிரெஞ்சு மாணவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். தபாலில் படித்த கணிதம் அல்லவா?

முதல் சில மாதங்கள் அக்கா வீட்டில் தங்கினார். புரோனியாவும் அவருடைய கணவரும் வைத்தியர்கள். அவர்களுடைய வீடு நகரின் ஓரத்தில், லா வியேத் என்ற தொழிலாளர் பகுதியில் இருந்தது. மச்சான் நல்ல மனிதர், ஆனால் பேச்சுப் பிரியர். மாலையானால் நாடுவிட்டு வந்த போலந்துக்காரர்கள் கூடுவார்கள். பியானோ, தேநீர், அரசியல் என்று வீடு கலகலக்கும். நோயாளிகள் வேறு நேரங்கெட்ட நேரத்தில் மணியடிப்பார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு மணித்தியாலம். இரண்டு குதிரை வண்டிகள் மாற வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் கொடுக்க வேண்டும். காசை மிச்சப்படுத்த, கூரையில்லாத மேல்தட்டில் குளிரில் உட்கார்ந்து போவார்.

சொந்தக்காரர் வீடு பாதுகாப்பானது, சாப்பாடும் கிடைக்கும். ஆனால் படிக்க முடியவில்லை. இது எங்கள் பெற்றோர் யோசிக்க வேண்டிய இடம் என்று நினைக்கிறேன். பெரியம்மா வீட்டில் நின்று படிக்கட்டும் என்று சொல்வது எளிது. அந்த வீட்டில் ஒரு மேசையும் மூன்று மணித்தியால அமைதியும் உண்டா என்று நாங்கள் கேட்பதில்லை. புரோனியா அதைப் புரிந்துகொண்டார். 1892 மார்ச் மாதத்தில் தங்கை தனியாக அறை எடுத்துப் போக அக்காவும் மச்சானும் சம்மதித்து உதவி செய்தார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு இருபது நிமிட நடை தூரத்தில், ஃபிளத்தேர் தெருவில், ஆறாம் மாடியில் அந்த அறை இருந்தது. கூரைக்கு நேர் கீழே இருந்ததால் ஒரு பக்கச் சுவர் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல், அதில் ஒரு துண்டு வானம். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, சூடாக்க வசதி இல்லை. மேரி கொண்டுவந்து போட்டவை: மடக்கு இரும்புக் கட்டில், ஊரிலிருந்து வந்த மெத்தை, ஒரு சிறிய அடுப்பு, மரமேசை, ஒரு கதிரை, முகம் கழுவும் பாத்திரம், மண்ணெண்ணெய் விளக்கு, வாசலுக்கு வெளியேயுள்ள குழாயில் தண்ணீர் பிடிக்க ஒரு வாளி, கோப்பைத் தட்டளவு சிறிய ஸ்பிரிட் அடுப்பு, இரண்டு பீங்கான்கள், கத்தி, கரண்டி, ஒரு கோப்பை. யாராவது வந்தால் பயணப் பெட்டிதான் ஆசனம். ராத்தா விடுதிக்குப் போகும்போது எழுதிய பட்டியலும் கிட்டத்தட்ட இதுவேதான். வாளியை மட்டும் மறந்துவிட்டு முதல் நாளே தொலைபேசியில் அழுதார்.

மாதச் செலவுக்கு மேரியிடம் இருந்தது 40 ரூபிள், அதாவது சுமார் 100 பிராங்க். ஒரு நாளைக்கு மூன்று பிராங்க். வாடகை, சாப்பாடு, உடை, புத்தகம், பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தெருமுனைக் கடையில் நிலக்கரி வாங்கி, வாளியில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஆறு மாடி ஏறுவார். அந்த நிலக்கரியும் தீர்ந்துபோகும் நாட்களில் பாத்திரத்திலிருந்த தண்ணீர் இரவில் உறைந்துவிடும். தன்னிடமிருந்த உடைகள் அனைத்தையும் போர்வையின் மேல் குவித்துக்கொண்டு தூங்குவார்.

மாலை நேரங்களில் அவருக்கு அடைக்கலம் தந்தது சென் ஜெனவியேவ் நூலகம். அங்கே வாயு விளக்கின் வெளிச்சம் இருந்தது, சூடு இருந்தது, நீண்ட மேசைகள் இருந்தன. காசு கேட்கமாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மூடும்வரை அங்கேயே இருப்பார். பிறகு அறைக்கு வந்து விளக்கேற்றி, அதிகாலை இரண்டு மணி வரை படிப்பார். அந்த ஒரு மண்டபம் இல்லாவிட்டால் பாரிஸின் குளிர்காலத்தில் ஓர் ஏழை மாணவி இரவில் படித்திருக்கவே முடியாது. விரிவுரையாளர்களின் பெயர்களை எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பாதுகாப்புக்கும் ஒருவர் இருந்தார். மேரியின் போலந்துத் தோழி ஒருவர், தேவையில்லாமல் அவரைச் சுற்றிவரும் இளைஞர்களைக் கண்டால் கையிலிருந்த குடையை ஓங்கி விரட்டிவிடுவாராம். நகரத்துக்குப் படிக்கப் போகும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் இப்படியொரு தோழி கிடைக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் மேரி என் பார்வையில் தோற்றுப்போனார். சமைக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் நேரம் ஒதுக்கவில்லை. சூப் எதனால் செய்யப்படுகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது என்று நண்பர்கள் பகிடி பண்ணுவார்களாம். வாரக்கணக்கில் பாணும் தேநீரும்தான். இடையிடையே முட்டை, கொஞ்சம் பழம், ஒரு துண்டு சொக்லேட். ஒரு நாள் தோழி ஒருவரின் முன்னாலேயே மயங்கி விழுந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த மச்சான் ஆறு மாடி ஏறி, அறையைச் சோதித்துப் பார்த்தார். தேயிலைப் பொட்டலம் ஒன்றைத் தவிர உண்பதற்கு எதுவுமில்லை. விசாரித்ததில், முந்திய மாலையிலிருந்து கொஞ்சம் முள்ளங்கியும் செர்ரிப் பழமும் மாத்திரமே சாப்பிட்டிருந்தார் என்பது தெரியவந்தது. அதிகாலை மூன்று மணி வரை படித்துவிட்டு நான்கு மணித்தியாலம் தூங்கியிருந்தார். மச்சான் கையோடு அவரை அழைத்துப் போனார். அக்கா இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். ஒரு வாரத்தில் தேறி, ஆறாம் மாடிக்கே திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பட்டினி கிடந்து படித்தார் என்று புகழ்ந்து முடிப்பது வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டினி அவருக்கு ஒரு சமன்பாட்டையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைக் காப்பாற்றியது ஒரு மணித்தியாலப் பயண தூரத்தில் ஓர் அக்கா இருந்ததுதான். அப்படி ஒருவர் இல்லாமல் அந்நகரில் நோயுற்றுப் படிப்பைக் கைவிட்டுத் திரும்பிய பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை. ராத்தாவிடம் இதைச் சொன்னபோது, தானும் சில இரவுகளில் பிஸ்கட்டோடு படுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். இப்போது வாப்பா ஒவ்வொரு வெள்ளி இரவும் தொலைபேசியில் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பல வருடங்களுக்குப் பிறகு தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, அந்த அறையில் வாழ்ந்த காலத்தைத் தன் இனிய நினைவுகளில் ஒன்றாகவே மேரி குறிப்பிட்டார். யாருக்கும் வேலை செய்யாமல், யாருடைய பிள்ளைக்கும் கற்பிக்காமல், தனக்காக மட்டும் படித்த நாட்கள் அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அங்கேதான் கிடைத்தன.

1893 ஜூலை மாதம் பௌதிகவியல் பட்டப் பரீட்சையின் பெறுபேறுகளை மண்டபத்தில் மாணவர்களின் முன்னிலையில் தகைமை வரிசைப்படி வாசித்தார்கள். முதலில் வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது. அடுத்த வருடம் கணிதப் பட்டத்தில் இரண்டாம் இடம். இரண்டாவது பட்டத்துக்குப் படிக்கப் பணம் இருக்கவில்லை. அந்தக் குடைத் தோழி ஓடித் திரிந்து வார்சோவிலிருந்து 600 ரூபிள் புலமைப்பரிசில் ஒன்றைப் பெற்றுக்கொடுத்தார். பதினைந்து மாதச் செலவுக்கு அது போதுமாக இருந்தது. சில காலத்துக்குப் பின், உருக்கு வகைகளின் காந்த இயல்பு பற்றிய ஆய்வொன்றுக்குக் கிடைத்த முதல் ஊதியத்தில் மிச்சம்பிடித்து, அந்த 600 ரூபிளையும் மேரி திருப்பிச் செலுத்தினார். புலமைப்பரிசிலைத் திருப்பிக் கொடுத்தவர்களை அந்த நிதியத்தார் அதுவரை கண்டதில்லை. இன்னொரு பெண்பிள்ளை அந்தப் பணத்துக்காகக் காத்திருப்பாள் என்பது அவருடைய எண்ணம்.

அந்த உருக்கு ஆய்வுக்கு இடம் தேடியபோதுதான் 1894 இல் பியர் கியூரியைச் சந்தித்தார். 1895 ஜூலை 26 இல் திருமணம் நடந்தது. இதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1897 இல் மகள் ஐரீன் பிறந்தார். 1898 இல் பொலோனியம், ரேடியம் ஆகிய மூலகங்களை இருவரும் அறிவித்தார்கள். ரேடியத்தைப் பிரித்தெடுத்த இடம், முன்பு மருத்துவ மாணவர்கள் பிரேதங்களை வெட்டிப் படித்த ஒரு பழைய கொட்டகை. மழை பெய்தால் ஒழுகும். ஆறாம் மாடியை விட்டு வந்தபிறகும் வசதி அவரைத் தேடி வரவில்லை.

தந்தையிடம் சொன்ன இரண்டு வருடங்கள் என்னவாயின என்று வாசகர்கள் கேட்கலாம். திருமணத்தோடு மேரி பாரிஸில் நிலைத்துவிட்டார். தந்தை மகளைக் குறை சொல்லவில்லை. 1902 இல் தூய ரேடியம் உப்பு கிடைத்த செய்தியை அறிந்து மகிழ்ந்தார். அதே வருடம் மே மாதம் அவருடைய உடல்நிலை மோசமானதாகத் தகவல் வந்து மேரி புறப்பட்டார், வழியிலேயே மரணச் செய்தி எட்டியது. வார்சோவை அடைந்ததும் மூடியிருந்த பேழையைத் திறக்கச் சொல்லி, தந்தையின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு அழுதார். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பும் எந்தத் தகப்பனுக்கும் இந்தப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்வது நேர்மையில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1903 இல் மேரி கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே வருடம் பியர் கியூரி, ஹென்றி பெக்கரல் ஆகியோருடன் பௌதிகவியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. 1906 ஏப்ரல் 19 இல் மழை பெய்த ஒரு பிற்பகலில், பியர் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டியில் அகப்பட்டு உயிரிழந்தார். சோர்போன் பல்கலைக்கழகம் அவர் வகித்த பொறுப்பை மேரியிடம் ஒப்படைத்தது. அதுவரை அங்கே எந்தப் பெண்ணும் கற்பித்ததில்லை.

1906 நவம்பர் 5 ஆம் திகதி பகல் ஒன்றரை மணிக்கு அவருடைய முதல் விரிவுரை. 23 பெண்களில் ஒருவராக அவர் அதே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து பதினைந்து வருடங்களும் இரண்டு நாட்களும் ஆகியிருந்தன. மாணவர்களோடு பத்திரிகையாளர்களும் பிரபுக்களும் வேடிக்கை பார்க்க வந்து மண்டபத்தை நிறைத்தார்கள். கணவரை நினைத்து அழுவார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள். மேரி உள்ளே வந்தார், கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார், பியர் தன் கடைசி விரிவுரையை நிறுத்திய அதே வசனத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். முடித்துவிட்டுப் போய்விட்டார்.

1911 இல் இரசாயனவியலுக்காக இரண்டாவது நோபல் பரிசு. முதலாம் உலகப் போரில் எக்ஸ் கதிர் கருவிகள் பொருத்திய வாகனங்களைப் போர்முனைக்குக் கொண்டுசென்றது, பாரிஸில் ரேடியம் நிறுவனத்தை நடத்தி அங்கே இளம் பெண் ஆய்வாளர்கள் பலருக்கும் மேசை கொடுத்தது ஆகியவற்றை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும். 1932 இல் வார்சோவிலும் ஒரு ரேடியம் நிறுவனம் திறக்கப்பட்டது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த அதே நகரம். கட்டட வேலைகளை அருகிலிருந்து கவனித்துக்கொண்டவர் அக்கா புரோனியா.

வருடக்கணக்காகப் பட்ட கதிர்வீச்சு மேரியின் இரத்தத்தைப் பாதித்திருந்தது. 1934 ஜூலை 4 ஆம் திகதி அவர் காலமானார். பாரிஸுக்கு வெளியே சோ என்ற சிற்றூரில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். புரோனியாவும் சகோதரர் யோசப்பும் போலந்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்திருந்தார்கள். அதைக் குழிக்குள் தூவிவிட்டு, அக்கா ஊருக்குத் திரும்பிப் போனார்.